அமைச்சரவை மேசையில் இரண்டு கதிரைகள்

தரம் 11 மாணவர்களுக்கு டொனமூர் அரசியலமைப்பைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1931இல் உருவான ஏழு நிர்வாகக் குழுக்களையும் எங்கள் பிள்ளைகள் வரிசை தப்பாமல் ஒப்புவிப்பார்கள். உள்நாட்டலுவல்கள், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், கல்வி, போக்குவரத்தும் வேலைப்பகுதியும், தொழில் கைத்தொழில் வர்த்தகம். பரீட்சைக்கு இது போதும். அன்று பின் வாங்கில் இருந்த ஒரு மாணவி எழும்பி, "சேர், ஆஸ்பத்திரிய டொக்டர்மார் நடத்துறாங்க. நடுவுல மந்திரி என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. புத்தகத்தில் உள்ளதை வைத்து ஏதோ ஒரு விடை சொல்லிச் சமாளித்தேன். ஆனால் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று காலை வந்த ஒரு கடிதம் என் பைக்குள் கிடந்ததே காரணம்.

எங்களுடையது கடலோரத்து ஊர். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது பழைய மருந்தகக் கட்டடம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பின்னர் வெளிநாட்டு உதவியில் புதிய கட்டடம் எழுந்தது. வாசலில் ஒரு கறுப்புக் கல். அதில் பொன்னிற எழுத்தில் ஒரு வெளிநாட்டுப் பெயர். உள்ளே இரத்தம் பரிசோதிக்கும் இயந்திரம் ஒன்றும் வந்தது. சில ஆண்டுகளில் இயந்திரம் பழுதானது. மருந்தக அபிவிருத்திக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நான் மூன்று இடங்களுக்கு எழுதினேன். ஓரிடத்தில் இருந்து, அது மாகாணத்துக்குரியது என்று பதில் வந்தது. மற்றோரிடத்தில், இயந்திரம் தங்கள் இன்வென்டரியில் பதியப்படவில்லை, ஆகவே திருத்தப் பணம் ஒதுக்க முடியாது என்றார்கள். உதவி தந்த திட்டத்தின் அலுவலகம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அந்தக் காலைக் கடிதத்தின் கடைசி வரி இது: "இது எமது விடயப் பரப்பிற்குள் அடங்காது."

விடயப் பரப்பு. இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கவேண்டும் என்று தோன்றிற்று. சுகாதாரம் ஒரு தனி அமைச்சரின் விடயமானது எப்போது? வெளிநாட்டு உதவிக்கு ஓர் அமைச்சர் இருக்கவேண்டும் என்று யார், ஏன் நினைத்தார்கள்? நமது அமைச்சரவை முறை பிரித்தானியாவில் இருந்து வந்தது. ஆகவே தேடலும் அங்கேயே போய் நின்றது. நான் ஆய்வாளன் அல்லன், கலாசாலையில் பயின்ற ஊர் வாத்தியார். வாசித்து அறிந்ததை எனக்கு விளங்கிய ஒழுங்கில் இங்கு தருகிறேன்.

நோய்க்கு ஓர் அமைச்சர்

பிரித்தானியாவில் சுகாதார அமைச்சு 1919இல்தான் பிறந்தது. அதற்கு முன்னர் நோயாளி பல கைகளில் சிதறிக் கிடந்தான். 1871இல் அமைக்கப்பட்ட உள்ளூராட்சிச் சபை ஒருபுறம் வடிகாலையும் குடிநீரையும் பார்த்தது, மறுபுறம் ஏழைகள் சட்டத்தையும் நிர்வகித்தது. வைத்தியச் செலவுக்கு வழியற்றவன் ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதிக்குப் போகவேண்டும். அங்கு போவது சிகிச்சை என்பதைவிட அவமானம் என்றே மக்கள் எண்ணினர். பள்ளிப் பிள்ளைகளின் உடற்பரிசோதனை கல்விச் சபையிடம் இருந்தது. 1911இன் காப்புறுதிச் சட்டப்படி தொழிலாளருக்குக் கிடைத்த வைத்திய உதவி வேறு ஆணையாளர்களிடம் இருந்தது. ஒரே வீட்டின் தகப்பன் ஓர் அலுவலகத்துக்கும், பிள்ளை இன்னோர் அலுவலகத்துக்கும், நோயுற்ற கிழவி மூன்றாவது ஒன்றுக்கும் உரியவர்கள்.

முதலாம் உலகப் போரும் அதன் முடிவில் வந்த இன்ஃபுளுவென்சாவும் இந்தச் சிதறலை அம்பலமாக்கின. அந்தக் கொள்ளைநோயில் பிரித்தானியாவில் மட்டும் ஏறத்தாழ 228,000 பேர் இறந்தனர். 1919 ஜூனில் சட்டம் நிறைவேறி, உள்ளூராட்சிச் சபை கலைக்கப்பட்டு, சுகாதார அமைச்சு உருவாயிற்று. முதல் அமைச்சர் கிறிஸ்தோபர் அடிசன் ஒரு வைத்தியர். உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தவர்.

அடிசன் செய்த முதற் பெரும் காரியம் வைத்தியசாலை பற்றியதன்று, வீடு பற்றியது. ஈரச் சுவரும் நெருக்கமும் உள்ள வீடுதான் காச நோயின் தாய் என்பது அன்றைய வைத்தியர்களுக்கு நன்கு தெரியும். வீடமைப்பு அப்போது சுகாதார அமைச்சின் பொறுப்பாக இருந்தது. அரசாங்க மானியத்தோடு உள்ளூராட்சி மன்றங்கள் வீடு கட்டும் திட்டத்தை அவர் தொடக்கினார். செலவு ஏறியது. வரி செலுத்துவோரின் கூச்சலும் ஏறியது. 1921இல் அவர் அந்தப் பதவியில் இருந்து அகற்றப்பட்டார். கதிரை வந்து இரண்டு ஆண்டுக்குள், பணப்பெட்டி வைத்திருப்பவனோடு மோதி அதன் முதல் உரிமையாளர் விழுந்தார். பின்னால் வந்த பலருக்கும் இதுவே கதையாயிற்று.

பிரித்தானியாவுக்குச் சுகாதார அமைச்சர் கிடைத்துப் பன்னிரண்டே ஆண்டுகளில், அதன் குடியேற்ற நாடான இலங்கைக்கும் ஒருவர் கிடைத்துவிட்டார். நமது பாடநூல்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை. டொனமூர் ஆணைக்குழுவின் உறுப்பினர்களில் ஒருவரான டிரமண்ட் ஷீல்ஸ் தொழிற்கட்சியைச் சேர்ந்த ஒரு வைத்தியர் என்பதும் நினைவுகூரத்தக்கது. 1931இல் சர்வசன வாக்குரிமையோடு வந்த அரசாங்க சபையில் ரி.பி. பானபொக்கே முதலாவது சுகாதார அமைச்சரானார். அதே அமைச்சர் சபையில் எச்.எம். மாக்கான் மாக்கார் போக்குவரத்து, வேலைப்பகுதி அமைச்சராக இருந்தார்.

புதிய அமைச்சுக்குப் பெரும் சோதனை விரைவிலேயே வந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ஊருக்கு ஊர் மருந்து கேட்ட குரல், வாக்குரிமை பெற்ற மக்களின் குரலாக முதன்முறை சபைக்குள் கேட்டது. ஆனால் சுகாதார அமைச்சரிடம் கதிரை இருந்ததே தவிர, திறைசேரியின் திறப்பு இருக்கவில்லை. நிதி, சட்டம், வெளிவிவகாரம் மூன்றும் ஆங்கிலேய அரச அதிகாரிகள் மூவரிடமே இருந்தன. டொனமூர் முறையின் குறையாக நாம் பரீட்சைக்கு எழுதுவது இதைத்தான்.

பெவன் எழுந்து போன பிறகு

1945இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து வளர்ந்த அனியூரின் பெவன் சுகாதார அமைச்சரானார். அவர் அமர்ந்த கதிரை மிகப் பெரியது. சுகாதாரத்தோடு வீடமைப்பும் உள்ளூராட்சியும் அவர் கையில் இருந்தன. 1948 ஜூலை 5இல் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,688 வைத்தியசாலைகள் ஒரே நாளில் அரசின் பொறுப்பாயின. பணக்காரன், ஏழை என்ற பேதமின்றி எவரும் காசு கொடாமல் வைத்தியரிடம் போகலாம் என்றாயிற்று.

1951 ஜனவரியில் பெவன் தொழில் அமைச்சுக்கு மாற்றப்பட்டார். அதே வேளையில் வீடமைப்பும் உள்ளூராட்சியும் பிரித்தெடுக்கப்பட்டன. மெலிந்துபோன சுகாதார அமைச்சு ஹிலரி மார்குவாண்டிடம் கொடுக்கப்பட்டது. அவருக்கு அமைச்சரவையில் இடமில்லை. மூன்று மாதம் கழித்து நிதியமைச்சர் ஹியூ கெயிட்ஸ்கெல், கொரியப் போரும் ஆயுதச் செலவும் அழுத்த, கட்டுப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதி விலையை நோயாளியிடம் அறவிடத் தீர்மானித்தார். முதலாண்டில் அதனால் மிஞ்ச இருந்தது 13 மில்லியன் பவுண். பெவன் அமைச்சரவைக்குள் இருந்து எதிர்த்துப் பார்த்தார், தோற்றார், ஏப்ரலில் பதவி விலகினார். தான் கட்டிய வீட்டில் முதல் கல் உருவப்படுவதைத் தடுக்க முயன்றவர் சுகாதார அமைச்சராக இருக்கவில்லை. சுகாதார அமைச்சராக இருந்தவருக்கு அந்த மேசையில் கதிரை இருக்கவில்லை.

நமது நாட்டிலும் அந்த ஆண்டுகளில் ஏறத்தாழ இதே அமைப்புத்தான். 1947இன் முதலாவது அமைச்சரவையில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க வகித்தது சுகாதார, உள்ளூராட்சி அமைச்சு. பெவனின் கதிரைக்கு அச்சொட்டான அதே சேர்க்கை. அவரும் 1951 ஜூலையில் வேறு காரணங்களுக்காக எழுந்து எதிர்வரிசைக்குப் போனார். 1956இல் அவர் பிரதமரானபோது சுகாதார அமைச்சைப் பெற்ற விமலா விஜேவர்தனவே இந்நாட்டின் முதலாவது பெண் அமைச்சர்.

பிரித்தானியாவில் சுகாதாரக் கதிரை அடுத்த பதினேழு ஆண்டுகள் உள்ளேயும் வெளியேயுமாக இழுபட்டது. 1951-52இல் ஹாரி குரூக்ஷாங் சிறிது காலம் உள்ளே இருந்தார். பின்னர் இயன் மெக்லவுட் தொடங்கி நால்வர் வெளியே இருந்தனர். 1960இல் பதவியேற்ற ஈனொக் பவல் 1962 ஜூலையில்தான் அமைச்சரவைக்குள் அழைக்கப்பட்டார். 1964இல் தொழிற்கட்சி மீண்டும் வந்தபோது, சேவையை உருவாக்கிய அந்தக் கட்சியே தன் சுகாதார அமைச்சர் கென்னத் ரொபின்சனை வெளியே நிறுத்தியது. 1968இல் சுகாதாரமும் சமூகப் பாதுகாப்பும் ஒன்றாக்கப்பட்டு ரிச்சர்ட் குரொஸ்மனிடம் கொடுக்கப்பட்டன. 1988இல் அவை மீண்டும் பிரிந்தன. கென்னத் கிளார்க் தனிச் சுகாதாரச் செயலாளராக உள்ளே அமர்ந்தார். அன்றிலிருந்து அந்தக் கதிரையை எவரும் வெளியே தூக்கிப்போடத் துணியவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். கதிரை இருந்தால் எல்லாம் நடக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்பது உண்மையன்று. பத்தாண்டில் தொண்ணூறு புதிய வைத்தியசாலைகள் என்ற பவலின் பெருந்திட்டம் 1962 ஜனவரியில் வெளிவந்தது. அப்போது அவர் அமைச்சரவைக்கு வெளியேதான் இருந்தார். ஆற்றல் உள்ளவன் வாசலில் நின்றும் காரியம் சாதிப்பான். ஆனால் ஒரு நாட்டின் நோயாளிகள், ஆற்றல் உள்ளவன் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உதவிக்கு ஓர் அமைச்சர்

மெக்லவுட்டுக்குப் பின் வந்தவர்களில் டென்னிஸ் வோஸ்பர் என்று ஒருவர். 1957இல் சுகாதார அமைச்சராகிச் சில மாதங்களில் தன் சொந்தச் சுகவீனத்தால் விலகிய மனிதர். 1961இல் பிரித்தானியா தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திணைக்களம் என்று ஒன்றைத் தொடங்கியபோது அதன் பொறுப்பு இவருக்கே கிடைத்தது. நமது கதையின் இரண்டாவது கதிரைக்கு அச்சாரம் இதுதான்.

ஆனால் உதவியின் வேர் இன்னும் பழையது. 1929இன் குடியேற்ற நாட்டு அபிவிருத்திச் சட்டம் ஆண்டுக்கு ஒரு மில்லியன் பவுண் வரை ஒதுக்கிற்று. குடியேற்ற நாடுகளின் விவசாயத்தையும் கைத்தொழிலையும் வளர்த்து, அதன் மூலம் பிரித்தானியாவின் வர்த்தகத்தையும் தொழிலையும் பெருக்குவதே நோக்கம் என்று சட்டமே சொன்னது. அக்காலத்தில் அங்கு வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிற்று. கொடுப்பவனின் சட்டைப்பையை நோக்கித் திரும்பிய உதவி அது. 1940இன் சட்டம்தான் 'நலன்புரி' என்ற சொல்லையும் சேர்த்தது. ஒதுக்கீடு ஆண்டுக்கு ஐந்து மில்லியன் வரை ஆயிற்று. 1945இல் பத்தாண்டுக்கு 120 மில்லியன் என்றாயிற்று.

1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டு அமைச்சர்கள் கொழும்பில் கூடினர். அங்கு உருவான எண்ணமே கொழும்புத் திட்டம். ஜே.ஆர். ஜயவர்தனவும் அவுஸ்திரேலியாவின் பேர்சி ஸ்பென்டரும் அதன் முன்னோடிகளாகப் பேசப்படுகின்றனர். சுதந்திரம் பெற்ற நாடுகளுக்கு உதவுவது என்பது குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் வேலை அன்று, அதற்கு வேறு வீடு வேண்டும் என்ற கேள்வியை எழுப்பியவற்றுள் இதுவும் ஒன்று. தலைநகரங்கள் பலவற்றில் விவாதிக்கப்பட்ட ஒரு கருத்து நமது ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றியது நமக்குப் பெருமைதான்.

1964 ஒக்டோபரில் பிரதமர் ஹெரல்ட் வில்சன் பல அலுவலகங்களில் சிதறிக் கிடந்த உதவி வேலைகளை ஒன்று திரட்டி, வெளிநாட்டு அபிவிருத்தி அமைச்சை உருவாக்கினார். அமைச்சரவையில் முழுக் கதிரையோடு அதில் அமர்ந்தவர் பார்பரா காஸில். ஏறத்தாழ பதினான்கு மாதமே அவர் அங்கு இருந்தார். அதற்குள், மிக வறிய நாடுகளுக்கு வட்டியில்லாக் கடன் என்ற கொள்கையை 1965இல் அறிவிக்கச் செய்தார். கடன் வட்டி கட்டவே புதுக் கடன் வாங்கும் நாடுகளுக்கு அது சிறிய காரியமன்று. ஆண்டு முடிவில் அவர் போக்குவரத்து அமைச்சுக்கு மாற்றப்பட்டார். பின்வந்தவர்களின் காலத்தில் கதிரை பின்னுக்குத் தள்ளப்பட்டு, 1967இல் அமைச்சரவையை விட்டே வெளியேறிற்று. 1970இல் பழமைவாதக் கட்சி அரசாங்கம் அந்த அமைச்சை வெளிநாட்டலுவலகத்துக்குள் கரைத்துவிட்டது. 1974இல் தொழிற்கட்சி மீண்டும் பிரித்தெடுத்தது. 1979இல் தட்சரின் அரசாங்கம் மீண்டும் கரைத்தது. கட்சி மாறினால் கதிரையும் மாறும் என்பது ஒரு வழக்கமாகவே போயிற்று.

காஸில் அம்மையாருக்கு 1974இல் வேறொரு கதிரை கிடைத்தது. சமூக சேவைகள் செயலாளர் என்ற பெயரில் சுகாதாரம் அவர் கைக்கு வந்தது. இந்த இரண்டு கதிரைகளிலும் அமைச்சரவைக்குள்ளேயே அமர்ந்து பார்த்தவர் அவர். அரசாங்க வைத்தியசாலைகளில் காசுக்கட்டில்களை ஒழிக்க முனைந்து பெரிய வைத்தியர்களோடு மோதினார். 1976இல் பிரதமர் கலஹன் பதவியேற்றதும் அவரை நீக்கினார்.

இவ்விடத்தில் எனக்கு ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. நமது வரிப்பணத்தில் இலவசக் கல்வி கற்று, நமது மருத்துவக் கல்லூரிகளில் படித்துத் தேறிய வைத்தியர்கள் பலர் அந்த நாட்டு வைத்தியசாலைகளில் இரவு பகலாகப் பணியாற்றினர். இன்றும் பணியாற்றுகின்றனர். அவர்கள் போனதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் அவர்களை உருவாக்க நாம் செலவிட்டது எந்த அமைச்சரின் உதவிக் கணக்கிலும் வரவு வைக்கப்படவில்லை. உதவி எப்போதும் ஒரு திசையில்தான் ஓடுகிறது என்று கல்லில் எழுதுபவர்கள் இதையும் ஓர் ஓரத்தில் எழுதலாம்.

இரண்டு அணைகள்

உதவிக்குத் தனி அமைச்சர் இல்லாத காலத்தில், பிரித்தானிய உதவியின் மிகப் பெரிய வேலைகளில் ஒன்று நமது நாட்டில் நடந்தது. மகாவலிக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்கட்டு. நூறு மில்லியன் பவுணுக்கும் மேற்பட்ட பிரித்தானிய நன்கொடை. 1985 ஏப்ரலில் மார்கிரட் தட்சரே நேரில் வந்து திறந்துவைத்தார். அதன் 210 மெகாவாட் மின்சாரம் இன்றும் வீடுகளுக்கு வருகிறது. பழைய தெல்தெனிய நகரம் நீருக்கடியில் போயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காணியையும் கடைகளையும் விட்டு எழுந்து போயின. நன்மையும் இழப்பும் இரண்டும் உண்மை. ஆனால் இழந்தவன் தன் குறையைச் சொல்ல அந்த நாட்டு அமைச்சரவையில் ஒரு முகவரி அன்று இருக்கவில்லை.

இரண்டாவது அணை மலேசியாவில் உள்ளது. பெர்காவ் நீர்மின் திட்டத்துக்கு 234 மில்லியன் பவுண் கொடுக்கத் தட்சர் அரசாங்கம் வாக்களித்தது. அதே காலத்தில் ஆயுத விற்பனை பற்றிய பேச்சும் நடந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்ட ஓர் ஆவணத்தில் 1988இல் பாதுகாப்புச் செயலாளர் கையொப்பமிட்டதும் பின்னர் வெளிவந்தது. உதவி நிர்வாகத்தின் தலைமை அதிகாரி டிம் லங்கெஸ்டர், இது பணத்தைப் பாழாக்கும் திட்டம் என்று 1991இல் எழுத்தில் ஆட்சேபித்தார். வெளிநாட்டுச் செயலாளர் டக்ளஸ் ஹேர்ட் அதை மீறிக் கட்டளையிட்டார். 1994 நவம்பரில் மேல் நீதிமன்றம் அந்தக் கொடுப்பனவு சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. உதவி வெளிநாட்டலுவலகத்தின் நிழலில் இருந்தால் அது வியாபாரத்துக்கும் ராஜதந்திரத்துக்கும் சில்லறைக் காசாகும் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

அதன் விளைவை 1997இல் கண்டோம். தொழிற்கட்சி அரசாங்கம் சர்வதேச அபிவிருத்தித் திணைக்களத்தைத் தனியாக அமைத்து, கிளெயார் ஷோர்ட்டுக்கு அமைச்சரவையில் முழுக் கதிரை கொடுத்தது. ஏற்றுமதி வியாபாரத்தோடு உதவியைக் கட்டும் ஏற்பாடு ஒழிக்கப்பட்டது. பிரித்தானியப் பொருளைத்தான் வாங்கவேண்டும் என்ற நிபந்தனை 2001இல் முற்றாக நீக்கப்பட்டது. உதவியின் நோக்கம் வறுமை ஒழிப்பே என்று 2002இல் சட்டம் வந்தது. 1929இன் சட்டத்தையும் இதையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் படித்தால் எழுபது ஆண்டுகளில் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் என்று விளங்கும். பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 வீதம் கொடுக்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970இல் கேட்டது. பிரித்தானியா 2013இல் அந்த அளவை எட்டி, 2015இல் அதைச் சட்டமாகவும் ஆக்கிற்று. அப்போது ஆட்சியில் இருந்தது பழமைவாதக் கட்சி தலைமை தாங்கிய கூட்டரசாங்கம். இம்முறை கட்சி மாறியும் கதிரை மாறவில்லையே என்று பலர் மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2020 செப்டெம்பரில், உலகமே கொவிட் நோயில் தவித்துக்கொண்டிருக்கையில், பொரிஸ் ஜோன்சன் அரசாங்கம் அந்தத் திணைக்களத்தை வெளிநாட்டலுவலகத்தோடு இணைத்தது. இருபத்துமூன்று ஆண்டுக் கதிரை மடித்துவைக்கப்பட்டது. 2021இல் 0.7 என்பது 0.5 ஆயிற்று. எஞ்சியதிலும், 2023இல் கால்பங்குக்கு மேல் பிரித்தானியாவுக்குள்ளேயே அகதிகளைப் பராமரிக்கச் செலவாயிற்று. 2025 பெப்ரவரியில், 1964இல் அந்தக் கதிரையைச் செய்த அதே தொழிற்கட்சியின் அரசாங்கம், பாதுகாப்புச் செலவை உயர்த்துவதற்காக உதவியை 2027இல் 0.3 வீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அபிவிருத்தி அமைச்சர் அனலீஸ் டொட்ஸ் பதவி விலகினார். 1951இல் கொரியப் போருக்காகக் கட்டுப்பல்லில் கைவைத்தார்கள். 2025இல் ஆயுதத்துக்காக அடுத்தவன் மருந்தில் கைவைத்தார்கள்.

எது நிலைத்தது, ஏன்?

இரண்டு கதிரைகளும் ஒரே தச்சனின் வேலை போலத்தான் தெரிகின்றன. இரண்டும் ஏழைக்காகக் கேட்கப்பட்டவை. இரண்டையும் உள்ளேயும் வெளியேயும் இழுத்திருக்கிறார்கள். ஆனால் 1988க்குப் பிறகு ஒன்று அசையவில்லை, மற்றது மடிக்கப்பட்டுவிட்டது.

காரணம் எளிது. பிரித்தானிய வைத்தியசாலை வரிசையில் நிற்பவனுக்கு அந்த நாட்டில் வாக்கு இருக்கிறது. உதவி பெறும் வரிசையில் நிற்பவனுக்கு இல்லை. சுகாதாரப் பொறுப்பை அமைச்சரிடம் இருந்து சற்றுத் தூரத்தில் வைக்கவேண்டும் என்று 2012இல் சட்டம் செய்து, இங்கிலாந்தின் சேவையைத் தனி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மக்கள் அப்போதும் அமைச்சரைத்தான் திட்டினார்கள். 2025 மார்ச்சில், அந்த நிறுவனத்தைக் கலைத்து வேலையை அமைச்சிடமே மீண்டும் எடுக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. கேள்வி கேட்கும் வாய் இருந்தால், பதில் சொல்லும் கதிரையை எவ்வளவு தூரம் நகர்த்தினாலும் அது திரும்பி வந்துவிடும்.

இதில் நமக்கு என்ன பாடம்? 2022இல் டொலர் இல்லாமல் நாடு திணறியபோது மருந்துத் தட்டுப்பாடு ஊருக்கு ஊர் வந்தது. என் உம்மாவின் பிரஷர் குளிசைக்காக நான் மூன்று பட்டினங்களில் பாமசி பாமசியாக ஏறி இறங்கினேன். வெளிநாடுகள் அனுப்பிய மருந்துகள் அப்போது பல உயிர்களைக் காத்தன. நன்றி மறக்கக்கூடாது. ஆனால் அந்த மருந்து வருவதும் நிற்பதும் தூரத்தில் உள்ள ஒரு மேசையில் தீர்மானமாகிறது. அந்த மேசையில் நமக்குக் கதிரை இல்லை, என்றும் இருக்கப்போவதும் இல்லை. 1931இல் நமக்குக் கிடைத்த கதிரை ஒன்றுதான் நம்முடையது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் அதுவும் மத்திய அரசாங்கம், மாகாண சபை என இரண்டாகிற்று. அதிகாரம் ஊருக்கு அருகில் வந்தது நல்லதே. ஆனால் இரண்டு கதிரைகளுக்கும் இடையில் விழுந்த எங்கள் இயந்திரத்தைத் தூக்கி நிமிர்த்தத்தான் ஆளில்லை.

மறு வாரம் அந்த மாணவியிடம் சொன்னேன்: "புள்ள, நோய் என்னெண்டு டொக்டருக்குத் தெரியும். ஆனா மருந்துக்குக் காசு ஒதுக்குறதும், ஏன் ஒதுக்கல்ல எண்டு கேட்டா எழும்பி நிண்டு பதில் சொல்றதும் மந்திரிட வேல. அதுக்குத்தான் மந்திரி."

அவள் சற்று யோசித்தாள். "அப்ப சேர், நம்மட மருந்தகத்துக் கல்லுல பேர் இருக்கே, அவங்கட்ட ஆர் கேட்கிற?"

இதற்கு என்னிடம் விடை இல்லை. கல்லில் உள்ளவரிடம் கேட்க முடியாது. கேட்கக்கூடிய இடம் ஒன்றே, அதுவும் நமது வாக்கால் உண்டான இடம். அன்றிரவு நான்காவது கடிதத்தை எழுதினேன். இம்முறை பழுது பற்றி எதுவும் எழுதவில்லை. அந்த இயந்திரத்தை முதலில் இன்வென்டரியில் பதியுங்கள், அது யாருடைய விடயம் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், மற்றதை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம் என்று மட்டுமே எழுதினேன். அடியில் குழுவினரோடு சேர்த்து, தரம் 11 பிள்ளைகளின் பெற்றோர் முப்பத்திரண்டு பேரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.